அந்தப் பொண்ணு படி ஏறினாளா?

காலை ஐந்து இருபது. கம்பெனிப் பேருந்து மணவாள நகரில் வந்து நின்றதும் முதலில் தெரிந்தது மூன்றாவது ஜன்னலுக்குள் ஒரு கைப்பேசியின் வெளிச்சம். அதன்மேல் நான்கைந்து ஈரத்தலைகள் கவிழ்ந்திருந்தன. பேருந்துக்குள் வேறு விளக்கு இல்லை. ஏறி உட்கார்ந்து கண் பழகிய பிறகுதான் அந்தத் தலைகளில் ஒன்று அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. பிறகு இன்னொன்று. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. திரையில் ஒரு கொரியப் பெண் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

நான் பல வருடம் ஒரு நாளிதழுக்குத் திருவள்ளூர் நிருபராக இருந்தவள். முதலில் பக்கங்கள் குறைந்தன, பிறகு நிருபர்கள் குறைந்தார்கள். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரப்பர் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். அறிவிப்புப் பலகைகளுக்குத் தமிழ் எழுதுவதும், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கையுறை ஏன் போட வேண்டும் என்று சொல்வதும் என் வேலை. பேருந்தில் என்னைப் பேப்பர்க்கா என்பார்கள்.

மணவாள நகரில் கிளம்பினால் திருவள்ளூர், வெங்கல், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இந்தப் பெண்கள் எழுந்து அதற்குள் நெடுநேரம் ஆகியிருக்கும். சோறு வடித்து, பிள்ளைகளின் டப்பாவையும் தங்கள் டப்பாவையும் கட்டி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவட்ட நேரமில்லாமல் ஓடிவருவார்கள். ஜன்னல் காற்றில்தான் கூந்தல் காயும். புதுவாயல் வருவதற்குள் எல்லோரும் பின்னி முடித்திருப்பார்கள். தூங்குகிறவர்கள்கூடத் தூக்கத்திலேயே பின்னுவார்கள்.

அந்தப் பேருந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் யாரும் யாருடைய கஷ்டத்தையும் கேட்பதில்லை. முகம் வீங்கியிருந்தாலும் கேட்பதில்லை. கேட்டால் அவள் சொல்லியாக வேண்டும், சொன்னால் அழுவாள், அழுத கண்ணோடு ஒரு ஷிப்ட் முழுக்க இயந்திரத்தின் முன்னால் நிற்க முடியாது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த வழக்கம் இல்லை. வருடக்கணக்கில் தானாகப் படிந்தது.

என் பக்கத்து இருக்கைக்காரி முப்பதைத் தொட்டவள். மணவாள நகரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவள் தலைமுறையில் எல்லோருக்கும் கம்பெனி. கணவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, வாரத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் மாமியார். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும் குடும்பம். இவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை: வண்டிகளின் பிரேக்குக்குள் போகும் ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்து, விரலில் சுற்றிச் சுற்றி, கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணும் விரல்நுனியும்தான் அங்கே கருவி.

போன வருடம் அவள் வயிற்றோடு பேருந்தில் வந்தாள். அப்போது குலுங்காத முன் இருக்கை அவளுக்கென்று விடப்பட்டது. மாங்காயும் நெல்லிக்காயும் கைமாறிக் கைமாறி அவள் மடிக்குப் போயின. ஏழாம் மாதத்தில் ஒருநாள் வரவில்லை. சில வாரங்கள் கழித்து வயிறு இல்லாமல் வந்தாள். வீட்டில் பிள்ளை இருப்பதாகவும் எந்தச் செய்தியும் இல்லை. முன் இருக்கையைத் தாண்டி நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேருந்து எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் அநேகமாக எதைப் பற்றியும் பேசவில்லை.

நாளிதழில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்போது இணையத்தில் ஒரு பத்திரிகை நடத்துகிறார். பேருந்தில் அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அவர் அழைத்தார். மனநோய், ஆறுதல் என்று வரும் கொரியத் தொடர்களைப் பார்த்து நம் ஜனங்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள் என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார். அதிக நீளம் கூடாது, நடுவில் ஒரு மனநல மருத்துவரின் கருத்து கட்டாயம். சரி என்றேன். தகவல் சேகரிக்கப் பேருந்தைத் தவிர வேறெங்கும் போகும் தெம்பு எனக்கு இல்லை.

மறுநாள் கைப்பேசியைச் சுற்றி இருந்தவர்களிடம் கேட்டேன். "இந்தத் தொடர ஏன் இப்படி விழுந்து விழுந்து பாக்குறீங்க?"

"டைம்பாஸுக்குத்தாங்க்கா."

"அந்தப் படகு ஓட்ற பையன் மூஞ்சிக்குதான்" என்றாள் பின்னாலிருந்து கேன்டீன்காரி. ஐம்பது தாண்டியவள், கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறவள். பேருந்தை ஓட்டுநர் ஓட்டுவார், நடத்துவது இவள் வாய். "எங்க ஊட்ல கீறத பாத்துட்டு இத்த பாத்தா கண்ணுக்குக் குளுமையா கீது."

"அதுக்கு ஏன் அழுவுறீங்க?"

"அதான் எனக்கும் தெர்ல. ஒரு வில்லி இல்ல, ஒரு வெஷம் வெக்கிறது இல்ல, பளார்னு ஒரு அற இல்ல. இன்னா சீரியலு இதுன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். பாத்தா நானும் அழுதுக்கினு இருக்கேன்."

கட்டுரைக்கு ஆகிற பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

கதை இதுதான். கடலோரச் சிற்றூர் ஒன்றில் படகுத்துறை. அங்கே டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண். அவளுடைய அண்ணன் இறந்த பிறகு தூக்கம் போய்விட்டது. ஊரில் துணி தைக்கும் கடை ஒன்றின் மாடியில் ஒரு வயதான பெண் மருத்துவர், மனதுக்கு வைத்தியம் பார்ப்பவர், புதிதாக வந்திருக்கிறார். அவரிடம் யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். அவ்வளவுதான். கைப்பேசியில் தமிழ்க் குரலோடு ஓடும் அந்தத் தொடரைப் பேருந்துக்குக் கொண்டுவந்தவள் பள்ளிப்பட்டுப் பெண். கடம்பத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள், கல்யாணம் ஆகாதவள். அவளுடைய அப்பாவுக்கு ஊரில் கொஞ்சம் கரும்பு உண்டு. எதற்கெடுத்தாலும் "எங்க நைனா தெரிஞ்சா கொன்னுடும்" என்பாள்.

ஒரு வாரம் போவதற்குள் ஓட்டுநர் புகார் செய்தார். பின்னால் விசும்பல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் வண்டியில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று மனம் அங்கேயே போகிறது என்றார். நியாயம்தான். பேருந்தில் ஒலியுடன் காணொளி பார்ப்பது தடை செய்யப்படுகிறது என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. எழுதியது நான்.

"பேப்பர்க்கா எழுதின தமிழு நமக்குப் புரியாது. அதனால பாக்கலாம்" என்றாள் கேன்டீன்காரி.

"சத்தம் இல்லாம பாக்கலாமாம், யக்கா."

"சத்தம் இல்லாம பாத்தா கொரியாக்காரியும் ஊம, நாமளும் ஊம. வேணாம், மூடு."

அடுத்த சில நாள் பேருந்து வெறுமனே ஓடியது. ஒரு காலை வெங்கல் தாண்டும்போது கேன்டீன்காரி பொதுவாகக் கேட்டாள்: "அந்தப் பொண்ணு இன்னாடி ஆனா? யார்னா ஊட்ல பாத்தீங்களா? எனக்கு வேல சரியா இருந்துச்சு."

பள்ளிப்பட்டுப் பெண் வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் என் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நா பாத்தேன்."

முன் இருக்கையில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். பள்ளிப்பட்டுப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னா ஆச்சு?"

"அந்த டாக்டரம்மா ஊட்டு மாடிக்குப் போனா. கதவாண்ட நின்னா. கைய வெச்சா கதவுமேல. அப்பறம் எறங்கி வந்துட்டா."

"ஏனாம்?"

"உள்ள போனா இன்னா கேப்பாங்களோன்னு."

அதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் மறுநாளும் கேட்டார்கள், மறுநாளும் சொன்னாள். அப்படியே அது பழக்கமாகிவிட்டது. பேருந்து வெங்கலைத் தாண்டியதும் யாராவது ஒருத்தி "சொல்லு" என்பாள். இவள் ஜன்னலைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொல்வாள். கேட்பதற்காக எஞ்சின் சத்தத்துக்கு மேல் காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலிருப்பவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

கதை மெதுவாக நகர்ந்தது. அந்தப் பெண் படி ஏறினாள், இறங்கினாள். வேலைக்குப் போனாள். டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்தாள்.

"டிக்கெட்ட எதுக்குடி வெளிச்சத்துல பாக்கணும்?"

"கிழிஞ்சது கீதான்னு பாக்கணும். அதான் அவ வேல. இப்ப அவளுக்கு எல்லாமே ஒண்ணுபோலத் தெரியுது. நல்லது கெட்டது தெர்ல. கை பாட்டுக்குத் தள்ளிடுது. மொதலாளி சொல்ட்டான், இன்னொரு தபா கிழிஞ்சது போச்சுன்னா உன்ன இங்க உக்கார விடமாட்டேன்னு."

"ஊட்ல சொல்றதுதானே?"

"ஊட்டுக்காரன் கப்பலாண்ட வேல. வாரம் ஒருக்கா வரான். வந்து தூங்கறான். அவன எழுப்பி இன்னாத்த சொல்றது. மாமியாதான் இருக்கா. ஜெபம் பண்ணா எல்லாம் சரியாப் போவும்ன்றா."

கேன்டீன்காரிக்குச் சந்தேகம். "கொரியால அல்லேலூயா கீதா?"

"கீதுக்கா" என்றாள் பள்ளிப்பட்டுப் பெண். "ஊர் பூரா சர்ச்சு. சிலுவைய செவப்பு லைட்ல போட்டுக்கினு இருக்காங்க, மெடிக்கல் ஷாப்பு மாதிரி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுரைக்காக, நான் அந்தத் தொடரை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். நான்காம் பகுதியிலேயே அந்தப் பெண் மாடிப்படி ஏறி, கதவைத் தட்டி, உள்ளே போய்விட்டாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மாமியார் இல்லை, ஜெபம் இல்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பதோடு சரி, அதை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. படகுத்துறை முதலாளி நல்ல மனிதர், அடிக்கடி சூப்பு வாங்கித் தருகிறார்.

வேறு தொடரைப் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நிருபர்களுக்கு இருக்கும் பழக்கம், தகவல் பொருந்தவில்லை என்றால் முதலில் தன் குறிப்பைச் சந்தேகிப்பது. திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில் கைப்பேசிகளை ஒப்படைக்கும் வரிசையில் பள்ளிப்பட்டுப் பெண்ணைத் தனியாகப் பிடித்தேன்.

"அந்தத் தொடர்ல மாமியார் உண்டா?"

"இல்லக்கா."

"அவ நாலாவதுலயே உள்ள போயிட்டாளே?"

"ஆமாக்கா."

"அப்ப இவ சொல்றது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பஸ்ல எல்லாருக்கும் தெரியுங்க்கா. எல்லாரும் ஊட்ல பாத்துட்டாங்க. கேன்டீன்க்கா ரெண்டு தபா பாத்துச்சு." பிறகு வரிசை நகர்ந்ததால் நகர்ந்துகொண்டே சொன்னாள்: "நீங்க இன்னாக்கா, பேப்பர்ல இருந்தவங்க."

எனக்குத் தெரிந்த இன்னொரு தகவல் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று நினைத்தேன். அலுவலகத்தில் கேட்டது. வாங்கிய கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வளையங்கள் கீறலோடு திரும்பி வந்திருந்தன. எந்த மேசையில் பார்த்தவை என்று கண்டுபிடிக்க அவர்களிடம் வழி உண்டு. இவளுடைய மேசை. இன்னொரு பெட்டி அப்படி வந்தால் இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்தால் நிரந்தர வேலை கையில் நிற்காது. யோசித்துப் பார்த்தபோது, அதையும் அவள் பேருந்தில் சொல்லியிருந்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து நான் கதையைக் கேட்பதை விட்டுவிட்டு, கேட்கிறவர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். அவர்கள் அவளிடம் கேட்ட கேள்விகள் மிகவும் கவனமானவை. "அவ ராத்திரி இன்னா பண்றா, தூங்காம?" என்று ஒருத்தி கேட்பாள். "சொவத்துல பல்லி ஓட்றத பாக்கறா" என்பாள் இவள். "சோறு எறங்குதா அவளுக்கு?" "மதியம் டப்பாவ தொறக்கறா, மூடறா." அன்றைக்கு மதியம் கேன்டீனில், கேட்காமலே, ஒரு கிண்ணம் ரசம் இவள் முன்னால் வந்தது. யார் அனுப்பியது என்று தெரியாதபடி வந்தது.

கேட்பது மட்டும் இல்லை, மற்றவர்களும் அந்தப் பெண்ணின்மேல் தங்கள் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். "எங்க சித்தியும் அப்டித்தான் கீது" என்று யாரும் சொல்லவில்லை. "அந்த டாக்டரம்மாகிட்ட குடிகாரன் பொண்டாட்டி ஒருத்தி வருவாளே, அவ இன்னா ஆனா?" என்று ஒருத்தி கேட்டாள். தொடரில் அப்படி யாரும் இல்லை. கதை சொல்பவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அவளும் வந்துக்கினுதான் கீறா" என்றாள். கேட்டவள் சரி என்று தலையசைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

கட்டுரைக்கு நான் தேடிய பதில் இங்கேதான் எங்கோ கிடந்தது. ஆனால் அதை வாக்கியமாக்கப் பார்த்தபோதெல்லாம் சோர்வாக இருந்தது. சில விஷயங்களைச் சொல்லலாம். நம் தொடர்களில் ஒருத்தி அழுதால் அதற்கு இன்னொருத்தி காரணமாக இருப்பாள். பார்க்கிறவள் பக்கம் எடுத்தாக வேண்டும். இந்தக் கொரியக் கதையில் பக்கம் எடுக்க ஆளில்லை. களைத்துப்போன ஒரு பெண் இருக்கிறாள், அவள் களைத்திருப்பதை மற்றவர்கள் நம்புகிறார்கள். அவளுடைய சாதி என்ன, ஊர் எது, யார் வீட்டு மருமகள் என்று திருவள்ளூரில் யாருக்கும் தெரியாது. அதனால் அவளைப் பற்றிப் பேசினால் யார் வீட்டுக்கும் செய்தி போகாது.

மொழியும் ஒரு காரணம். தமிழ்க் குரல் கொடுப்பவர்கள் பேசும் தமிழ் யார் வீட்டிலும் பேசாத தமிழ். கதை சொல்பவள் எல்லாவற்றையும் தன் பேச்சில் சொல்லிக்கொண்டு வருவாள், டாக்டரம்மா பேசும் இடம் வந்தால் மட்டும் குரல் மாறி, "உங்கள் மனம் இன்று எப்படி இருக்கிறது?" என்பாள். அந்தக் கேள்வியைத் தன் பேச்சில் அவளால் கேட்க முடியவில்லை. அவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

நான்காம் பகுதியில் அந்த மருத்துவர் கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண்ணும் பேசமாட்டாள். கேமரா நகராது. ஜன்னல் வழியாகத் துணி தைக்கும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கீழேயிருந்து வரும். ஒரு பதிலுக்காக ஒருவர் அவ்வளவு நேரம் காத்திருப்பதை நான் எந்த வீட்டிலும், எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. அந்த இடத்தில் எனக்கும் கண் நிறைந்தது. அடுப்பில் பால் இருந்ததால் எழுந்து போக வேண்டியிருந்தது.

தொடரை நானும் பார்த்து முடித்தேன். கடைசிப் பகுதியில் அந்தப் பெண் படகில் ஏறி வேறு ஊருக்குப் போகிறாள், மாத்திரையும் எடுத்துக்கொண்டு. பேருந்தில் கதை முடியவில்லை. வெங்கல் தாண்டியதும் "சொல்லு" என்றார்கள். இவள் சொன்னாள். அந்தப் பெண் படி ஏறினாள், இறங்கினாள். கதை சொல்பவளின் கண்ணுக்குக் கீழே கருப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் கூந்தலைப் பின்னாமலே இறங்கிப் போனாள். கம்பெனி வாசலில் இன்னொருத்தி ஓடிப்போய்ப் பின்னிவிட்டாள், விரிந்த தலையோடு இயந்திரம் இருக்கிற பக்கம் விடமாட்டார்கள் என்பதால்.

அதற்கு மறுநாள் கேன்டீன்காரி பொறுமை இழந்தாள். அவள் குரல் பேருந்து முழுக்கக் கேட்டது.

"ஏண்டி, அந்தப் பொண்ணுக்குக் கால்ல இன்னா, ஆணியா? ஏறி ஏறி எறங்கறா. பேஜாரா கீது எனக்கு. கதவத் தட்டறதுக்கு இன்னா நோவு அவளுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியபாளையம் கோயில் வளைவில் பூக்கடைகள் திறந்திருந்தன.

"பைத்தியம்னு சொல்லிடுவாங்கன்னு பயப்படறா" என்றாள்.

"யாரு சொல்லுவா?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா யாருடி? நானா சொல்வேன்? நா சொல்ல மாட்டேன்."

இவள் ஜன்னலிலிருந்து திரும்பாமலே, "தனியா போறதுக்கு ஒரு மாதிரி கீது அவளுக்கு. கூட வர யாரு கீறா" என்றாள்.

பள்ளிப்பட்டுப் பெண் கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். "ஏங்க்கா, அவ கூட வேல செய்யுற பொண்ணு ஒண்ணு இருக்கால்ல? பக்கத்துக் கவுன்டர்ல. அது கூட்டினு போவும்."

அப்படி ஒரு பெண் தொடரிலும் இல்லை. இதுவரை இவள் சொன்ன கதையிலும் இல்லை. இவள் திரும்பிப் பார்த்தாள்.

"அது எப்ப வருது? நா பாக்கலியே."

"வரும்க்கா. நா முன்னாடியே பாத்துட்டேன். செவ்வாக்கெழம ரெண்டு பேரும் லீவு போட்டுட்டுப் போறாங்க. அந்தப் பொண்ணு கீழயே நிக்குது, படியாண்ட. எறங்கி வந்தா மறுபடியும் மேல தள்ளி உட்றதுக்கு."

"தள்ளி உட்றதுக்கா?"

"ஆமா. அது கொஞ்சம் ரவுடி."

கேன்டீன்காரி இருக்கையில் சாய்ந்துகொண்டாள். "போறப்ப நாஷ்டா துன்னுட்டுப் போவச் சொல்லு அதுங்கள. ஆஸ்பத்திரி வரிசைல நிக்கறதுன்னா சும்மாவா" என்றாள். கொரியத் தொடரில் அது ஆஸ்பத்திரி அல்ல, தையல் கடை மாடி என்று யாரும் திருத்தவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பள்ளிப்பட்டுப் பெண்ணும் வரவில்லை. வெங்கல் தாண்டியது. யாரும் "சொல்லு" என்று கேட்கவில்லை. ஆரணியில் ஏறிய ஒருத்தி காலியான இடத்தில் உட்காரப் போனாள். கேன்டீன்காரி "அதுக்கு ஆளு கீது" என்றாள். அவள் நின்றுகொண்டே வந்தாள்.

அன்றைக்கு மதியம் அலுவலகத்தில் ஒரு பாதுகாப்புப் பலகைக்கு வாசகம் கேட்டார்கள். கண் எரிச்சல் இருந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும் என்று எழுதிக்கொடுத்தேன். கட்டுரை கேட்டவருக்கு, அனுப்பப்போவதில்லை என்று ஒரு செய்தி அனுப்பினேன். பரவாயில்லை, வேறொருவர் எழுதிவிட்டார் என்று பதில் வந்தது.

புதன்கிழமை அவள் ஏறினாள். தலை பின்னியிருந்தது. பள்ளிப்பட்டுப் பெண் முன்னாலேயே தன் ஜன்னலில் இருந்தாள், தூங்குவதுபோல. பேருந்து திருவள்ளூரைக் கடந்தது. வெங்கலுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

"சொல்லு" என்றாள் கேன்டீன்காரி. "இன்னாடி ஆச்சு? படி ஏறினாளா?"

"ஏறினா."

"உள்ள?"

"போனா."

பின்னால் இரண்டு பேர் எழுந்து முன்னால் வந்து நின்றார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா கேட்டாங்க?"

"தூக்கம் வருதாம்மான்னு கேட்டாங்க. வரலன்னா. எத்தினி நாளான்னாங்க. சொன்னா." நான் கவனித்தேன், டாக்டரம்மாவுக்கு இந்தமுறை அந்தக் குரல் இல்லை, திருவள்ளூர்ப் பேச்சு. "நெறைய கூட்டம் வெளிய. டாக்டர் அந்தம்மாகூட தூங்காதவங்க மாதிரிதான் கீறாங்க. கண்ணெல்லாம் செவந்து. ஒரு மாத்திர எழுதிக் குடுத்தாங்க. திரும்ப வரச் சொன்னாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். எழுந்திரிக்கப் போனா. அப்பறம் கேட்டாங்க."

"இன்னா?"

"கொழந்தைக்குப் பேரு வெச்சிருந்தியாம்மான்னு."

பின்னுகிற கைகள் நின்றிருந்தன.

"யாருமே கேக்கல பாரு, அதுவரைக்கும்" என்றாள். "ஊட்ல, சபைல, யாரும். பேரு வெச்சிருந்தா அவ. நாலாவது மாசத்துலயே வெச்சிட்டா. உள்ளுக்குள்ளயே கூப்புட்டுக்கினு இருந்தா."

கேன்டீன்காரி தன் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, எப்போதும் கேட்கிற அதே அதட்டலில் கேட்டாள்.

"இன்னா பேரு?"

அவள் சொன்னாள். அது கொரியப் பெயர் இல்லை.